சிஸ்டமிக் மருந்து கழுவினால் போகாது

போன மாதம் ஒரு வெண்டைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் மருந்து அடித்த செடியில் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன மருந்துண்ணா அடிச்சீங்க?" என்று கேட்டேன். "இமிடாகுளோபிரிட் சார், சிஸ்டமிக். காயை ரெண்டு தண்ணியில அலசித்தான் அனுப்புறோம்" என்றார். உண்மைதான், பக்கத்திலேயே தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. 'சிஸ்டமிக்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பூச்சி மருந்தில் காண்டாக்ட் என்று ஒரு வகை உண்டு, அதாவது தொடு நஞ்சு. இலையின் மேல் படிந்து, பூச்சி மேல் பட்டால் கொல்லும். சிஸ்டமிக் அப்படியல்ல. ஓர் இடத்தோடு நிற்காமல் உடம்பு முழுவதும் போவது என்று பொருள். டாக்டர்களும் இதே பொருளில்தான் சொல்கிறார்கள்: களிம்பு தடவிய இடத்தில் வேலை செய்யும், விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் கலந்து எங்கும் போகும். செடிக்கு ரத்தம் மாதிரி சாறு. வேரோ இலையோ உறிஞ்சிய மருந்து சாற்றோடு சேர்ந்து ஓடுகிறது. அசுவினியும் தத்துப்பூச்சியும் அந்தச் சாற்றைக் குடித்துத்தான் சாகின்றன. செடிக்குள் போய்விட்டால் மழைக்கும் கரையாது என்று கடைக்காரர் சொல்வதும் இதனால்தான். மழைக்குக் கரையாதது தொட்டித் தண்ணீருக்கு மட்டும் கரையுமா?

பூவையும் அது விடுவதில்லை. மகரந்தம் வழியாகத் தேனீக்களுக்கு ஆபத்து என்றுதான் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இமிடாகுளோபிரிட் உட்பட மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் தடை செய்தது.

நம் துண்டறிக்கைகளில் 'ஊடுருவிப் பாயும்' என்று போடுகிறோம். உள்ளே போகும் என்பது அதில் புரிகிறது, எங்கும் போகும் என்பது விட்டுப்போகிறது. நான் இப்போதெல்லாம் 'செடி முழுக்கப் பரவும் மருந்து' என்றே சொல்கிறேன்.

சரி, என்ன செய்வது? செடிக்குள் போனது சிதைந்து குறைய நாள் கொடுக்க வேண்டும். டப்பாவோடு வரும் தாளில் காத்திருப்புக் காலம் என்று இருப்பது அதுதான். இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். (17.8 சதவீத மருந்துள்ள, தண்ணீரில் கரையும் திரவம்) மருந்துக்கு வெண்டையில் 3 நாள், மிளகாயில் 40 நாள். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பவர், பறித்த கையோடு மருந்து அடித்து, அடுத்த பறிப்பைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். முற்றிப்போகும் காய் நஷ்டம்தான், எனக்கும் அது தெரியும். மிளகாயில் காய்ப்பு தொடங்கிய பிறகு இதை எடுக்கவே வேண்டாம்.

மோனோகுரோட்டோபாஸும் சிஸ்டமிக்தான். ஆனால் அதற்கு இந்த நாள் கணக்கெல்லாம் கிடையாது. காய்கறிகளில் அடிக்க 2005-லேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது.