முதுகுவலிக்கு வீடியோவில் டாக்டர்: எது நடக்கும், எது நடக்காது

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. அதே தேதியில்தான் மத்திய சுகாதார அமைச்சகத்தின் தொலைமருத்துவ நெறிமுறைகளும் வந்தன. அதுவரை நோயாளியை நேரில் பார்க்காமல் போனில் மருந்து சொல்லலாமா கூடாதா என்பதில் எங்களுக்கே தெளிவில்லை. 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கண்டித்துச் சொன்னதற்குப் பிறகு பல டாக்டர்கள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார்கள். நெறிமுறை வந்ததும் கூச்சம் விலகியது. என்னைப் போன்ற முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர்களின் ஓ.பி.யும் செல்போனுக்குள் வந்து சேர்ந்தது.

அவசரமில்லாத ஆபரேஷன்களை எல்லாம் தள்ளிப்போட வேண்டியிருந்தது. அது வெறும் பயத்தினால் அல்ல. அந்த ஆண்டு மே மாதம் லான்செட் இதழில் வந்த பன்னாட்டு ஆய்வில், கொரோனா தொற்றோடு அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானவர்களில் 23.8 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். ஆகவே போனில் பேசும்போது என் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான்: இவர் வீட்டிலேயே இருக்கலாமா, இன்றே வர வேண்டுமா?

தொடாமல் முதுகை என்ன பார்ப்பது என்று கேட்பார்கள். பார்க்கலாம், நிறையவே பார்க்கலாம். போனை மட்டும் யாரும் கையில் பிடிக்கக் கூடாது. ஸ்டூல் மேல் ஒரு சொம்பை வைத்து அதில் சாய்த்துவிட்டால் போதும். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு பத்தடி நடந்து திரும்பச் சொல்வேன். அடுத்து குதிகாலில் நடை. முன்பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் தட்டினால், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புகளில் பெரும்பாலும் எல்5 என்ற நரம்பு அழுந்தியிருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நுனிவிரலில் எழும்ப முடியாவிட்டால் அதற்கு அடுத்த எஸ்1 நரம்பு. கழுத்துத் தண்டுவடத்தில் சந்தேகம் இருந்தால் இரண்டு கைகளையும் 10 விநாடி மூடி மூடித் திறக்கச் சொல்லி எண்ணுவேன். சாதாரணமாக 20 முறை வரும். தண்டுவடம் அழுந்தியிருப்பவருக்கு விரல்கள் பாதியிலேயே தயங்கி நிற்கும். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, நடக்கும்போது செருப்பு கழன்று விழுவது தெரிகிறதா, பஞ்சு மேல் நடப்பது போல் இருக்கிறதா என்றும் கேட்பேன். ஓ.பி.யில் காலங்காலமாகக் கேட்கும் கேள்விகள்தான், வீடியோவிலும் அதே வேலையைச் செய்கின்றன.

செய்ய முடியாதவையும் உண்டு. சுத்தியலால் தட்டி அனிச்சையைப் பார்க்க முடியாது. உள்ளங்காலைக் கீறி விரல் எந்தப் பக்கம் வளைகிறது என்று சோதிக்க முடியாது. பலம் லேசாகக் குறைந்திருப்பது என் கையால் எதிர்த்து அழுத்தினால்தான் தெரியும்.

இதில் சிக்கலான இடம் ஒன்று உண்டு. இடுப்பு டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, பெரிதாகப் பிதுங்கி அங்குள்ள வால் நரம்புக் கற்றையை மொத்தமாக அழுத்தினால் சிறுநீர் அடைபடும், மலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போகும். அதைத் தாமதிக்காமல் ஆபரேஷன் செய்தாக வேண்டும். ஆனால் அதைக் கேட்கும் நேரத்தில் போன் ஸ்பீக்கரில் இருக்கும். மகன், மருமகள், பக்கத்து வீட்டு அக்கா என்று ஒரு கூட்டமே சுற்றி நிற்கும். தேனிப் பக்கத்திலிருந்து பேசிய ஒரு பெரியவர் எல்லாவற்றுக்கும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். "ஐயா, ஸ்பீக்கரை அணைச்சிட்டு போனைக் காதுல வைங்க. நான் கேக்கறதுக்கு ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். "காலைல கழுவும்போது தண்ணி பட்டது தெரிஞ்சுதா?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "இல்ல" என்றார். "ஒண்ணுக்கு முக்கித்தான் வருதா?" "ஆமா." இ-பாஸுக்கு இணைக்க ஒரு கடிதம் எழுதி அனுப்பி, அன்றே வரச் சொன்னேன். மாவட்டம் தாண்ட திருமணம், இறப்பு, மருத்துவம் என்று காரணம் காட்ட வேண்டியிருந்த காலம் அது.

அப்போது காய்ச்சலையும் மறைத்தார்கள். சொன்னால் வீட்டுக்குத் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயம். மாலையில் காய்ச்சல், எடை குறைவது, படுத்தாலும் விடாத ராத்திரி வலி ஆகியவை முதுகெலும்பு காசநோயின் அடையாளங்கள். நம் ஊரில் அது அபூர்வமும் அல்ல. ஆபரேஷன் செய்த காயத்தில் சீழ் பிடிப்பதும் காய்ச்சலாகவே தொடங்கலாம். "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வந்தது. "சாயங்காலமானா உடம்பு கதகதன்னு இருக்கா, ராத்திரி வேர்த்துக் கொட்டுதா?" என்று சுற்றிக் கேட்டால்தான் உண்மை வெளியே வந்தது.

எம்.ஆர்.ஐ. விஷயத்தில் நான் கறாராகவே இருந்தேன், இப்போதும் அப்படித்தான். ட்யூப்லைட்டுக்கு எதிரே ஃபிலிமைப் பிடித்து எடுத்த படமும், "எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்" என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட ரிப்போர்ட்டும் வாட்ஸ்அப்பில் வரும். கூடவே "ஆபரேஷன் வேணுமா சார்?" என்ற ஒற்றை வரி. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஆளைப் பார்க்காமல் ஃபிலிமை மட்டும் பார்த்துத் தேதி குறித்துக் கொடுக்கும் பழக்கம் தொலைமருத்துவத்தால் இன்னும் எளிதாகிவிட்டது. அப்படி ஒருவர் உங்களுக்கு வீடியோவிலேயே ஆபரேஷனை முடிவு செய்து சொன்னால், நேரில் இன்னொருவரிடம் காட்டுங்கள். காலில் இறங்கும் டிஸ்க் வலியில் பெரும்பாலானவை ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் தானாகவே தணியும். பலம் குறையாதவரை காத்திருக்கலாம்.

மருந்திலும் வரம்பு உண்டு. "போன தடவை எழுதிக் குடுத்த அந்த வலி மாத்திரையே போதும்" என்பார்கள். அது டிரமடால் என்றால் போனில் எழுத முடியாது. 2018-ல் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் எதையும் தொலைமருத்துவத்தில் எழுத நெறிமுறை அனுமதிப்பதில்லை. டாக்டர் கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்று நினைத்துக் கோபித்தவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இருக்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு இந்த முறை பெரிய வசதி. காயத்தைப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் படம் எடுத்து அனுப்பினால் போதும். சிவந்திருக்கிறதா, நீர் கசிகிறதா என்று தெரிந்துவிடும். தையலை உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரித்துக்கொண்டார்கள். வீட்டைப் பார்க்கக் கிடைத்ததும் எனக்கு லாபம். தரையில் பாய் விரித்துப் படுப்பவரிடம் எழுந்திருக்கும் முறையை அந்தப் பாயில் வைத்தே சொல்லிக்கொடுக்கலாம்: ஒருக்களித்து, கையை ஊன்றி, பிறகு முழங்கால். குழாயடியிலிருந்து குடத்தை எப்படித் தூக்குகிறார் என்பதை ஓ.பி. அறையில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

இப்போது நான் கடைப்பிடிப்பது இதுதான். முதல் தடவை நேரில் வர வேண்டும். ஆபரேஷன் முடிவு நேரில்தான். இடைப்பட்ட விசாரிப்புகள் வீடியோவில், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டிய நாளில் திரும்பவும் நேரில். செலவு செய்ய முடியாதவர்களுக்கு 2020 ஏப்ரலில் அரசு தொடங்கிய இ-சஞ்சீவனி ஓ.பி.டி. என்ற வீடியோ மருத்துவ ஆலோசனைச் சேவை இலவசமாகவே இருக்கிறது. காலோ கையோ பலம் இழந்தாலும், சிறுநீர் அடைபட்டாலும் வீடியோவுக்கு நேரம் கேட்டுக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள்.