பழைய நாற்சார் வீட்டைத் திறக்கிறீர்களா? சீமெந்தைத் தள்ளி வையுங்கள்

“தம்பி, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் முடிச்சுத் தாங்கோ, அப்பதான் எல்லாரும் வாறம்.” கனடாவோ லண்டனோ, எங்கிருந்து பேசினாலும் பெரும்பாலும் பேச்சு இந்த நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாத் தொடக்கத்தில்தான் வந்து நிற்கும். நடுவில் முற்றம், அதைச் சுற்றி நாலு பக்கமும் கட்டடம் என்று இருக்கும் பரம்பரை நாற்சார் வீட்டைத் திருத்தி, ஊராரும் வெளியாட்களும் வந்து பார்க்கத் திறந்துவிட வேண்டும் என்ற ஆசை யாழ்ப்பாணத்தில் இப்போது பலருக்கு. நல்ல ஆசைதான். ஆனால் பழைய வீடுகளைத் திருத்துவதே தொழிலாக இருப்பவன் சொல்கிறேன், ஷெல்லடிக்கும் 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு பூட்டிக் கிடந்ததற்கும் தப்பிய சுவர்கள் சில, இந்த அவசரத்தில்தான் கெட்டுப்போகின்றன.

காரணம் சீமெந்து. அந்தக் காலத்துச் சுவர்கள் சுண்ணக்கல்லோ முருகைக்கல்லோ (பவளப்பாறைக் கல்) வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை, அத்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்க ஒன்றும் கிடையாது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே வெளியேறிவிடும், அப்படித்தான் இத்தனை காலம் நின்றது. அதன்மேல் சீமெந்து பூசி பிளாஸ்டிக் பெயின்ற் அடித்தால் ஈரத்துக்குப் போக வழியில்லை, உப்பையும் கூட்டிக்கொண்டு இன்னும் மேலே ஏறும். கரையோரங்களிலும் தீவுப்பகுதியிலும் கேட்கவே வேண்டாம். சில மாரி போனதும் பூச்சு பொருக்கு விட்டு, கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு விழும், சுவருக்குள் செருகியிருக்கும் தீராந்தி (உத்தரம்) முனைகளும் உக்கத் தொடங்கும். ‘ஸ்ட்ரோங்கா இருக்கும்’ என்று சொல்லும் மேசனோடு சண்டை பிடிக்காதீர்கள், பின்பக்கம் புதிதாகக் கட்டும் மலசலகூடத்துக்கு அவர் தாராளமாகச் சீமெந்து போடட்டும்.

சுண்ணாம்புக்கு அவசரம் ஆகாது. நீற்றி, நாட்கணக்கில் நீரில் ஊறவிட்டு, மெல்லிய படைகளாகப் பூச வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் அது மெதுமெதுவாக இறுகும், அதுவரை ஈரம் காயக்கூடாது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பூசினால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுக் காவல் இருக்க வேண்டும், இல்லையென்றால் பாளம் பாளமாக வெடிக்கும். எனக்குப் பிடித்த காலம் மாசி, பங்குனி. ஆடியில் கொடியேற்றம், அதற்குள் முடிக்க வைகாசியில் தொடங்குவோம் என்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: அடுத்த வருடம்.

சுவருக்கு முதல் கூரை. நாற்சார் வீட்டில் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரங்கள் சந்திக்கும் நாலு மூலைகளிலும்தான் ஒழுக்குத் தொடங்கும். கூரைமரம் பனை என்றால், அதன் வைரம் பாய்ந்த கெட்டிப் பகுதி வெளிப்பக்கத்தில், உள்ளே மென்மையான சோற்றிதான், கறையான் உள்ளிருந்தே தின்றுகொண்டு போகும், பார்வைக்குக் கூரைச் சலாகை நன்றாகவே இருக்கும். தட்டிப் பாருங்கள், சத்தம் சொல்லிவிடும். உக்கியதை மட்டும் முற்றிய பனையில் மாற்றினால் போதும், முழுவதையும் கழற்றித் தகரம் போடச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் உறுதி, அதாவது வீட்டின் உரிமைப் பத்திரம். இது என் துறை இல்லை, ஆனாலும் வேலை பாதியில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். வீடு முன்னோர் வழி வந்த முதுசமா, யாருக்காவது சீதனமாக எழுதியதா, எத்தனை பேருக்குப் பங்கு? ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் மற்றப் பங்காளிகளுக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. ஒருவர் காசு போட்டு மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் கைதட்டும் ஏற்பாடு ரிக்கெற் காசு வரத் தொடங்கும் மட்டும்தான், ஆகவே யார் செலவு, யார் வரவு என்று சட்டத்தரணி முன்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

மேல்வீடு (மாடி) இருந்தால் பலகைத் தளத்தை ஒரு பொறியியலாளர் பார்க்காமல் யாரையும் ஏற்ற வேண்டாம். குடும்பம் நடமாட என்று போட்ட மரத்தில் ஒரு பஸ் ஆட்கள் கூடி நின்று படம் எடுப்பார்கள். பழைய வயரிங் முழுவதையும் மாற்றுங்கள், சுவரை வெட்டிப் புதைக்காமல் வெளியால் கொண்டுபோகலாம். சாமியறையைக் காட்டுவதா என்பதை வழிகாட்டியாக நிற்கப்போகும் பொடியன் தீர்மானிக்கக்கூடாது, அந்த வீட்டில் விளக்கேற்றியவர்களைக் கேளுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் கதவைச் சாத்தி வைத்துவிட்டு மற்ற அறைகளைக் காட்டுங்கள்.