எதிரே தெரிகிற தீவு வேறு நாடு, சாமி

போன வாரம், கரீபியன் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவின் ரெட் ஹுக் படகுத்துறை. காலை ஏழரை மணி. நியூஜெர்சியிலிருந்து ஒரு குடும்பம்: கணவன், மனைவி, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. அம்மா மடியில் எலுமிச்சை சாத டப்பா. அன்றைக்கு பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் உள்ள யோஸ்ட் வான் டைக் வரை போய்வருவதாக ஏற்பாடு. படகை எடுக்குமுன் வழக்கம்போல பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் புரட்டினேன். அந்தக் கணவரின் எச்-1பி வேலை விசா முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. "அண்ணா, அது பரவாயில்ல, ஐ-797 இருக்கு" என்று பிளாஸ்டிக் உறையிலிருந்து அமெரிக்கக் குடிநுழைவுத் துறையின் ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

இந்த சீசனில் எனக்கு நீட்டப்பட்ட நான்காவது ஐ-797 அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் க்ராய் மூன்றும் அமெரிக்கா. 1917-ல் டென்மார்க்கிடமிருந்து இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கியது. எதிரே டோர்டோலா, விர்ஜின் கோர்டா, யோஸ்ட் வான் டைக் எல்லாம் பிரிட்டிஷ். ஆனால் பிரிட்டிஷ் பக்கம் செலவாவது அமெரிக்க டாலர், அமெரிக்கப் பக்கம் வண்டி ஓட்டுவது இடப்பக்கம். செயின்ட் ஜான் கரையில் நின்றால் டோர்டோலா மலைமேல் இருக்கிற வீடுகள் கண்ணுக்குத் தெரியும். நியூஜெர்சியிலிருந்து இங்கே வந்தது உள்நாட்டு விமானம், இறங்கும்போது யாரும் பாஸ்போர்ட் கேட்டிருக்க மாட்டார்கள். அப்புறம் இருபது நிமிட ஃபெர்ரி பயணம் வெளிநாட்டுப் பயணம் என்று யாருக்குத்தான் தோன்றும்? வெளிநாட்டுப் பயணம்தான். அந்தக் கரையில் கால் வைத்தவுடன் நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியேறிவிட்டீர்கள். திரும்ப நுழைய நடப்பில் உள்ள விசா வேண்டும்.

ஐ-797 விசா இல்லை. தயவுசெய்து இதை உங்கள் வாட்ஸப் குழுவில் ஒருமுறை போடுங்கள். உங்கள் வேலை மனு ஏற்கப்பட்டது என்கிற தாள் அது, உள்ளே இருக்கிறவரை தங்கலாம், வேலை பார்க்கலாம், அவ்வளவுதான். வாசல் கதவைத் திறப்பது பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிற விசா. "என் ஃப்ரெண்ட் போன வருஷம் முடிஞ்ச விசாவோட போய்ட்டு வந்தானே" என்பார்கள். கேட்டுப் பார்த்தால் அந்த நண்பர் எஃப்-1 மாணவராக இருப்பார், அல்லது போனது கனடாவாக இருக்கும். முடிந்த விசாவோடு 30 நாளுக்குள் திரும்பிவர ஒரு சலுகை உண்டு, உண்மை. ஆனால் எச்-1பி ஆட்களுக்கும் எச்-4-ல் வரும் அவர்கள் குடும்பத்தாருக்கும் அது கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் மட்டும். பக்கத்துத் தீவுகளுக்கும் சேர்த்துப் பொருந்துவது எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்குத்தான். நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் விசா வேறு, உங்கள் விசா வேறு.

போன வருடம் ஒருவர் யாரையும் கேட்காமல் ஃபெர்ரி ஏறி டோர்டோலா போனார். திரும்பும்போது அந்தத் தீவின் ரோட் டவுன் ஃபெர்ரி கவுன்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். பெட்டி எல்லாம் செயின்ட் தாமஸ் ஹோட்டல் அறையில், அவர் கையில் ஒரு ஈரத்துண்டு. டோர்டோலாவில் அமெரிக்கத் தூதரகம் கிடையாது, அதற்கு பார்படோஸ் வரை போகவேண்டும்.

சரி, அந்தக் குடும்பத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குப் பத்து வருட பி1/பி2 சுற்றுலா விசா. அமெரிக்காவுக்குள் திரும்ப அவருக்கு ஒரு தடையும் இல்லை, சிக்கல் மகனுக்கும் மருமகளுக்கும்தான். அதைச் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டார், மகன் சிரிக்கவில்லை. கடைசியில் செயின்ட் ஜான் பக்கமே சுற்றிக் காட்டினேன். அந்தக் கடற்கரைகளும் லேசுப்பட்டவை அல்ல.

ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு வகைச் சிக்கல். பாரிசிலிருந்து பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு நேரே டோர்டோலா வந்து இறங்கி, படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, "எஸ்டா இருக்கே" என்று செயின்ட் ஜானுக்கு ஓட்டி வருவார்கள். எஸ்டா என்பது விசா இல்லாமல் வர ஆன்லைனில் வாங்குகிற முன் அனுமதி; அது அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் போட்ட விமானம், கப்பல், ஃபெர்ரியில் வந்தால்தான் செல்லும். சொந்தப் படகும் வாடகைப் படகும் அந்தப் பட்டியலில் இல்லை. முதலில் அப்படிப்பட்ட ஃபெர்ரியில் ஒருமுறை வந்து 90 நாள் அனுமதி வாங்கிக்கொண்டால், அந்த நாட்களுக்குள் பிரிட்டிஷ் பக்கம் போய்ப் படகில் திரும்ப விதியில் இடம் உண்டு. அரை நாள் அலைச்சல்தான், அலைந்துவிடுங்கள். நுழைவு மறுக்கப்பட்டால், பிற்பாடு ஒவ்வொரு எஸ்டா விண்ணப்பத்திலும் அதை ஒப்புக்கொண்டு எழுத வேண்டிவரும்.

படகை நீங்களே ஓட்டுவதானால், நுழைவுப் பதிவு இன்னும் முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றுங்கள், முதலில் கேப்டன் மட்டும் எல்லார் பாஸ்போர்ட்டோடும் இறங்கட்டும். செயின்ட் ஜானின் க்ரூஸ் பே துறையில் பதிவு முடியும்வரை வேறு ஒருவரும் கரையில் கால் வைக்கக் கூடாது, "சும்மா ஒரு ஸ்நார்க்கல்" என்று வழியில் நிறுத்திக் குதிக்கவும் கூடாது. வந்ததைத் தெரிவிக்காத கேப்டனுக்கு முதல் தடவை 5,000 டாலர் அபராதம், அடுத்த தடவை 10,000. பிரிட்டிஷ் பக்கத்து நுழைவு விதிகள் தனி, அவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்; லண்டன் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்களும் அங்கே குடிநுழைவு வரிசையில்தான் நிற்கவேண்டும்.

இன்னொன்று, செயின்ட் தாமசில் இறங்கி உடனே டோர்டோலா ஃபெர்ரி பிடிப்பதாக இருந்தாலும் அமெரிக்க விசாவோ எஸ்டாவோ வேண்டும். "டிரான்சிட்தானே" என்பது அங்கே செல்லாது. ஃபெர்ரி எந்தத் துறையிலிருந்து கிளம்புகிறது என்றும் டிக்கெட்டில் பாருங்கள்: சார்லட் அமாலி துறை விமான நிலையத்துக்குப் பக்கம், ரெட் ஹுக் தீவின் மறுகோடி.

டிக்கெட் போடுமுன் சந்தேகம் இருந்தால், யாரோடு வருகிறீர்களோ அந்தப் படகுக்காரருக்கு பாஸ்போர்ட்டின் விசா பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள். விசா பக்கத்தை. ஐ-797-ஐ இல்லை.