பாலிகிளினிக்கும் வெளி மருத்துவமனையும்: நடுவில் சிக்கிக்கொள்ளும் மாத்திரைகள்

வீட்டுக்கு ஒருவராவது படையில் சேர்ந்த ஊர் என்று கம்மவான்பேட்டையைச் சொல்வார்கள். வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், காட்பாடிப் பக்கமும், எல்லைக்கு அப்பால் சித்தூர், பலமநேரில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் முன்னாள் படைவீரர்கள் நிறையவே இருக்கிறார்கள். இவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் ஒன்றில் மருத்துவராக இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இத்திட்டத்தின் அமைப்பு எளியது. பொதுவாக முதலில் பாலிகிளினிக்கில் காட்ட வேண்டும். அங்கு இயலாத சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்துள்ள வெளி மருத்துவமனைக்கு ரெஃபரல் (பரிந்துரைச் சீட்டு) எழுதித் தருவோம். நோயாளி அங்கே பணம் கட்ட வேண்டியதில்லை. மத்திய அரசின் திட்டம் என்பதால் மாநில எல்லை இதற்குத் தடையாகாது. சித்தூர்க்காரர் வேலூரில் வந்து காட்டலாமா என்று இன்றும் கேட்கிறார்கள்; தாராளமாகக் காட்டலாம்.

ரெஃபரல் கிடைப்பதைப் பற்றியும் பில் பற்றியும் முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். ஆனால் வெளி மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு வீட்டில் எந்த மாத்திரை எதனுடன் சேர்ந்து உள்ளே போகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. என் அனுபவத்தில் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சர்க்கரை நோயை எடுத்துக்கொள்வோம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு முன்னாள் ஹவில்தாருக்குப் பாலிகிளினிக்கில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்று இரண்டு மாத்திரைகள் தனித்தனியே கொடுத்துவருகிறோம். வேறொரு நோய்க்காக வெளி மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு, அதே இரண்டு மருந்துகளும் கலந்த ஒற்றை மாத்திரையை ஒரு வணிகப் பெயரில் எழுதி அனுப்புகிறார்கள். பெயரும் அட்டையின் நிறமும் வேறு. ஆகவே வீட்டில் அது புது மருந்தாகிவிடுகிறது, பழையதும் நிற்பதில்லை. சிறுநீரகம் சற்றுத் தளர்ந்த முதியவர் உடலில் கிளிமிபிரைடின் வேலை நீண்ட நேரம் நீடிக்கக் கூடியது. மருந்தின் அளவும் இரட்டிப்பானால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கி, விடியற்காலையில் வியர்த்து, வாய் குழறி, ஆளை அடையாளம் தெரியாமல் கிடப்பார். பக்கவாதம் என்று பதறிக்கொண்டு தூக்கி வருபவர்களும் உண்டு. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தெளிந்ததும் அழைத்துச் சென்றுவிடுவது இன்னொரு தவறு, ஏனெனில் இம்மருந்தால் இறங்கிய சர்க்கரை சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கக் கூடும். மருத்துவமனையில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இதய மாத்திரைகளிலும் இதே குழப்பம் நேர்கிறது. அங்கே இரட்டிப்பாவதைப் போலவே நின்றுபோவதும் ஆபத்து. இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெலைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். பாலிகிளினிக்கில் ஒரு மருந்து இருப்பில் இல்லை என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். அதை வெளியிலிருந்து வாங்கித் தருவதற்கும் திட்டத்தில் வழி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

எனவே டிஸ்சார்ஜ் ஆன சில நாட்களுக்குள், வெளி மருத்துவமனை எழுதித் தந்த சம்மரியோடு (சிகிச்சைச் சுருக்கம்) வீட்டிலுள்ள அத்தனை மாத்திரை அட்டைகளையும், காலியானவை உட்பட, ஒரே பையில் போட்டுக்கொண்டு பாலிகிளினிக்குக்கு வாருங்கள். கூடவே, மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யாரோ அவரையும் அழைத்து வாருங்கள். பெரும்பாலும் அது மனைவிதான். லடாக்கிலும் சியாச்சினிலும் நின்றவருக்குத் தன் இரத்த அழுத்த மாத்திரையின் பெயர் தெரிந்திருப்பது அபூர்வம்.

சித்தூர்ப் பக்கத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். மாத்திரை உறையில் எழுதியிருக்கும் தெலுங்கைப் பேரன் படித்துவிடுவான், பாட்டியால் முடியாது. காலை, மதியம், இரவு என்பதை 1-0-1 என்று எண்களிலேயே எழுதித் தரும்படி மருந்தகத்தில் கேளுங்கள்.

அவசரத்துக்கு ரெஃபரல் தேவையில்லை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் கார்டைக் காட்டினால் போதும். சேராத மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அருகிலுள்ள பாலிகிளினிக்குக்கு 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிவிட வேண்டும். அங்கே கட்டிய தொகையை அரசு நிர்ணயித்த விகிதப்படிதான் திரும்பத் தருவார்கள், முழுப் பணமும் வராது.

எங்கள் பக்கத்திலும் செய்ய வேண்டியது உண்டு. ரெஃபரல் தாளில் நோயின் பெயரை மட்டும் எழுதி அனுப்பாமல், நடப்பு மருந்துகள், ஒவ்வாமை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கடைசி கிரியேட்டினின் அளவு ஆகியவற்றையும் எழுத வேண்டும். வெளி மருத்துவர்களிடம் நான் கேட்பது இரண்டு. மருந்தின் வணிகப் பெயரை அல்லாமல் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் விதி 2016-லேயே திருத்தப்பட்டது, அதன்படி எழுதுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மருந்து ஒன்றை மாற்றினால், எதை நிறுத்திவிட்டு எதைத் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதைச் சம்மரியின் கடைசியில் ஒரு வரியாகச் சேருங்கள்.