வெட்டி எடுத்த சதையைக் குப்பையில் போட விடாதீங்க

ஈறில் பட்டாணி அளவுக்கு ஒரு சதை வளர்ந்து தொங்கினால், வருகிறவர்கள் முதலில் கேட்பது ‘கேன்சரா டாக்டர்?’. பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது, ‘அப்ப இன்னைக்கே வெட்டிடலாமா, எவ்வளவு ஆகும்?’. வெட்டலாம். ஆனால் வெட்டுவது பாதி வேலைதான்.

எபுலிஸ் என்று பொதுவாகச் சொல்லும் இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று இல்லை. பற்காரை, உடைந்த பல்லின் முனை, சரியாகப் பொருந்தாத பல்செட், பிதுங்கி நிற்கும் ஃபில்லிங் என்று ஏதோ ஒன்று ஒரே இடத்தை நாள்கணக்கில் உறுத்திக்கொண்டே இருந்தால், ஈறு அங்கே சதை போட்டுவிடும். வலி அநேகமாக இருக்காது. அதனாலேயே பிரஷ் பட்டு ரத்தம் வரும்வரை யாரும் வருவதில்லை.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றமும் சேர்ந்துகொள்கிறது. நான்காம் மாதத்துக்கு அப்புறம் செக்கச்செவேலென்று, தொட்டாலே ரத்தம் வருகிற மாதிரி ஒன்று வளரும். வீட்டில் உடம்புச் சூடு என்று மோர் கொடுப்பார்கள். குடிக்கலாம், தப்பில்லை, கட்டி அதற்கெல்லாம் கரையாது. சாப்பிட முடியாத அளவுக்கோ ரத்தம் நிற்காத அளவுக்கோ போகாவிட்டால், பல்லைச் சுத்தம் செய்துவிட்டுப் பிரசவம்வரை காத்திருப்போம், பிறகு பலருக்குத் தானாகவே சுருங்கிவிடும். நீலம் பாய்ந்த கட்டி என்றால் எக்ஸ்ரே கேட்போம், சிலருக்கு ரத்தத்தில் கால்சியமும் பார்க்கச் சொல்வோம், ஏனென்றால் அபூர்வமாகப் பாராதைராய்டு (ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் கழுத்துச் சுரப்பி) கோளாறும் இப்படி வாயில் வந்து நிற்கும். ஒரு இடத்தில் இல்லாமல் ஈறு முழுக்கத் தடித்திருந்தால் அது வேறு கதை: பிரஷருக்குப் போடும் அம்லோடிபின், வலிப்புக்குப் போடும் ஃபெனிடாய்ன் இரண்டுமே அப்படிச் செய்யக்கூடியவை. அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசுங்கள்.

வெட்டும்போது அடிவரை சுரண்டி எடுத்து, பக்கத்துப் பற்களின் காரையையும் நீக்க வேண்டும். மேலாக நறுக்கிவிட்டால் அதே இடத்தில் திரும்ப வளரும், பழி டாக்டர் மேல் விழும்.

சண்டை வருவது பயாப்சியில்தான், அதாவது எடுத்த சதையை லேபில் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்க்கும் டெஸ்டில். ‘அதான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு டெஸ்ட்?’ என்று கேட்காதவர்கள் குறைவு. ஈறில் வரும் புற்றும் சில நேரம் இதே மாதிரி ஒரு அப்பாவிக் கட்டியாகத்தான் தொடங்கும், வெறும் கண்ணால் பார்த்து யாரும் உறுதி சொல்ல முடியாது. மாவாவும் புகையிலையும் அதக்குகிற ஆட்கள் இத்தனை பேர் இருக்கிற ஊரில் நான் அந்தச் சதையை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு லேபுக்கு அனுப்பாமல் விடுவதில்லை. ரிப்போர்ட் வந்ததும் ஒரு நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வளர்ந்தால் அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

இரண்டு வாரம் தாண்டியும் அடங்காத எந்தக் கட்டியையும் காட்டிவிடுங்கள். செலவுதான் தயக்கம் என்றால் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூட்டமாக இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.