ஆஞ்சியோவுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், உடனே போடணுமா?

கேத் லேப் செவிலியர் நான். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மெல்லிய குழாய் விட்டுப் படம் எடுத்துப் பார்ப்பதுதான் ஆஞ்சியோ, அதைச் செய்யும் அறைதான் கேத் லேப். என் வேலை கதவுக்கு உள்ளே. கேள்விகள் அதிகம் வருவது கதவுக்கு வெளியே. "சிஸ்டர், ஆஞ்சியோன்னு சொல்றாங்க, இப்பவே பண்ணியே ஆகணுமா?" எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. அறையும் கருவியும் ஒன்றுதான், ஆனால் அங்கே வருகிறவர்கள் இரண்டு வகை. உங்கள் வீட்டு நோயாளி எந்த வகை என்பதைத்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வகை, மாரடைப்போடு வருகிறவர். ரத்தக்குழாய் முழுக்க அடைத்து, இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஈசிஜியிலேயே தெரிந்துவிடும். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்து 90 நிமிடத்துக்குள் பலூன் வைத்து அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது இலக்கு. நடு ராத்திரி என்றாலும் போன் போனவுடன் டாக்டரும் டெக்னீஷியனும் நாங்களும் கிளம்பி வந்துவிடுவோம். அப்புறம் பார்த்தால், வெளியே குடும்பம் நின்றுகொண்டிருக்கும்: "சித்தப்பா மதுரையிலிருந்து வந்துட்டிருக்கார் சிஸ்டர், அவர் வந்ததும் போட்டுடறோம்." சித்தப்பாவிடம் போனில் பேசிக்கொள்ளுங்கள். இந்தக் கையெழுத்து காத்திருக்கக் கூடாத கையெழுத்து.

இதைவிடப் பெரிய தாமதம் வீட்டிலேயே நடந்து முடிந்திருக்கும். சோடா, ஜெலுசில், ஓமத் தண்ணீர் என்று இரவைக் கழித்துவிட்டு விடிந்ததும் வருகிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, தாடையிலோ தோளிலோ வலி என்று மட்டும் இருக்கலாம். வெறும் வாயுத் தொல்லையா, மாரடைப்பா என்று வீட்டில் முடிவு செய்ய வழியே இல்லை. ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுங்கள். பைக்கில் உட்கார வைத்து அழைத்து வராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேத் லேப் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால்? பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டுப் பிறகு அனுப்புவார்கள். ஆஞ்சியோவைத் தொடர்ந்து செய்துகொள்ளலாம். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். உங்கள் ஊருக்குக் கிட்டே எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரி 2 மணிக்கும் கேத் லேப் இயங்கும் என்பதை இன்றைக்கே விசாரித்து வையுங்கள். பலகையில் கேத் லேப் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது வகை, மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, ட்ரெட்மில் டெஸ்டில் சந்தேகம் என்று தேதி வாங்கிக்கொண்டு வருகிறவர். பயம் இவர்களுக்குத்தான் அதிகம். மயக்கம் கொடுக்க மாட்டோம், நீங்கள் பேசிக்கொண்டே இருக்கலாம். மணிக்கட்டில் மரத்துப்போக ஒரு ஊசி. அங்கிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் இதயம் வரை போகும். உள்ளே போவது தெரியாது. சிலருக்குக் கை கொஞ்சம் இறுக்கும். ரத்தக்குழாய் எக்ஸ்ரேயில் தெரிவதற்கான மருந்தை, அதாவது டையைச் செலுத்தும்போது உடம்பு சூடாவதுபோல் இருக்கும், சில நொடியில் அடங்கிவிடும். முன்பெல்லாம் தொடை வழியாகச் செய்துவிட்டு மணிக்கணக்கில் காலை நீட்டிப் படுக்க வைப்போம். மணிக்கட்டு வழியில் ரத்தக்கசிவு குறைவு, சீக்கிரமே எழுந்து நடக்கலாம். மோதிரம், வளையல், நெயில் பாலிஷ் எல்லாம் வீட்டிலேயே எடுத்துவிட்டு வந்தால் எங்களுக்கு உபகாரம்.

இந்த வித்தையின் தொடக்கத்தில் எங்கள் ஆள் ஒருவர் உண்டு. 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், இதயத்துக்குள் குழாய் விட மேலதிகாரி அனுமதி தராததால், கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்த செவிலியர் கெர்டா டிட்சனைப் பேசிச் சம்மதிக்க வைத்தார். 'எனக்கே செய்யுங்கள்' என்று படுத்த அவரை மேஜையில் கட்டிப் போட்டுவிட்டு, குழாயைத் தன் கையிலேயே ஏற்றிக்கொண்டார். அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய்ப் படமும் எடுத்தார். 1956-இல் ஃபோர்ஸ்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிஸ்டருக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள்.

சரி, படம் எடுத்தாயிற்று. உறவினரைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் கூப்பிட்டுத் திரையில் காட்டுவார்கள்: "இங்கே 70 சதவீத அடைப்பு, ஸ்டென்ட் வைக்கலாம்." ஸ்டென்ட் என்பது அடைத்த ரத்தக்குழாயைத் திறந்தபடி வைத்திருக்கும் சின்ன வலைக் குழாய். மாரடைப்பு நோயாளி என்றால் யோசிக்கவே வேண்டாம். இரண்டாம் வகை என்றால் யோசிக்க இடம் உண்டு. 70 என்பது பெரும்பாலும் கண்ணால் பார்த்துச் சொல்லும் கணக்கு. அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறதா என்று அளக்க அழுத்தம் பார்க்கும் மெல்லிய கம்பி இருக்கிறது, அடைப்புக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தை முன்னால் உள்ளதால் வகுத்து வரும் அளவு 0.80-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஸ்டென்ட்டைத் தள்ளிப்போட்டு மாத்திரையில் பார்க்கலாம். நிலையான நெஞ்சுவலிக்காரர்களை வைத்து நடந்து 2020-இல் வெளியான பெரிய ஆய்விலும், நல்ல மருந்துகளோடு உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்ததால் இறப்பு குறையவில்லை, வலி குறைந்தது. இதயத்தின் இடது பிரதான ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் இந்தக் கணக்குப் பொருந்தாது. ஒரே தடவையில் முடித்தால் மறுபடி குழாய் போட வேண்டாம் என்று டாக்டர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் "இன்னைக்கே வைக்கணுமா, மாத்திரையில் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

சிறுநீரகப் பிரச்சினை இருந்தால், கிரியாட்டினின் கூடியிருந்தால், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டை கிட்னி வழியாகத்தான் வெளியேறும். மீன், இறால் அலர்ஜிக்கும் டைக்கும் சம்பந்தமில்லை. முன்பு டை போட்டபோது அலர்ஜி வந்திருந்தால் அதுதான் எங்களுக்கு முக்கியம்.

ஸ்டென்ட் விலைக்கு 2017-இல் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அப்போது 29,600 ரூபாய். பிறகு மாற்றங்கள் வந்திருக்கின்றன, ஆனால் உச்சவரம்பு இருக்கிறது. பில்லில் ஸ்டென்ட் விலை தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், உறையில் இருந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். ஆஞ்சியோ சிடியையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் அதோடு சேர்த்து ஒரே ஃபைலில் வையுங்கள். மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளைப் பொதுவாக ஒரு வருடம் தருவார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள் என்று தானாக நிறுத்திவிட்டு, ஸ்டென்ட்டே அடைத்துத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. யார் நிறுத்தச் சொன்னாலும் முதலில் ஸ்டென்ட் வைத்த டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.