தனக்கே சமமாகாத எண்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் மாமா கிராணி, அதாவது கணக்கெழுதும் எழுத்தர். செம்பனைக் குலை ஏற்றிப்போன லோரிகளின் ஒரு மாத எடையைக் கூட்டித் தரச் சொன்னார். பைத்தான் நிரல்மொழியில் நாலு வரி எழுதி ஓட்டினேன். திரையில் வந்தது ஒரே சொல்: நேன்.

"டன் எவ்வளவுன்னு கேட்டா, இது என்னப்பா பேரு சொல்லுது?" என்றார்.

'எண் அல்ல' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ('நான்' என்றும் சொல்வார்கள். தமிழில் அது வம்பு.) 17ஆம் தேதிச் சீட்டு மழையில் நனைந்து எடை அழிந்துபோக, மாமா அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு விட்டிருந்தார். கோட்டை எண்ணாக்க முடியாத நம்பை (பைத்தானில் எண் கணக்குகளுக்கான நிரல் தொகுப்பு), அங்கே நேனை வைத்துவிட்டது. நேனோடு எதைக் கூட்டினாலும் நேன்தான். ஒரு கோடு 30 நாள் கணக்கையும் விழுங்கிவிட்டது.

எந்த வரிசையில் இருக்கிறது என்று தேட, ஒவ்வோர் எடையும் நேனுக்குச் சமமா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே பதில். கணினிகள் தசம எண்களைக் கையாள 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி நேன் எதற்கும் சமமில்லை, தனக்கும்கூட. கிறுக்குத்தனம் மாதிரித் தெரியும். ஆனால் அழிந்த சீட்டும் நேன், பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்ததும் நேன். இரண்டையும் சமம் என்பது எந்த ஊர் நியாயம்?

கணினி ஓர் எண்ணை 64 பிட்டில், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 64 இடங்களில் வைக்கும்போது, கூட்டல் கழித்தல் குறிக்கு 1, எண்ணின் பருமனைச் சொல்லும் அடுக்குக்கு 11, இலக்கங்களைச் சொல்லும் பின்னத்துக்கு 52 பிட். அடுக்குப் பிட்டுகள் அத்தனையும் 1 ஆகி, பின்னம் முழுதும் 0 என்றால் அது முடிவிலி. பின்னத்தில் ஒரு பிட்டாவது 1 என்றால் நேன். ஆக, ஒன்பதாயிரம் லட்சம் கோடிக்கும் மேற்பட்ட நேன் வடிவங்கள் உண்டு!

தனக்குத்தானே சமமில்லாத இந்தக் குணமே அதைப் பிடிக்கும் தூண்டிலும். எந்த மதிப்பு தன்னோடு ஒப்பிடும்போது சமமில்லை என்கிறதோ, அதுதான் நேன். நம்பையில் இஸ்நேன் என்று கேட்டால் எண்களின் முழு அணியையும் ஒரே வீச்சில் பார்த்துவிடும்; முடிவிலியையும் சேர்த்துப் பிடிக்க இஸ்ஃபைனைட். சோதிக்காமல் வரிசைப்படுத்தப் போகாதீர்கள்: 3, நேன், 1 என்று கொடுத்தால் பைத்தான் அதை அப்படியே திருப்பித் தருகிறது, பிழை என்று முனகக்கூட இல்லாமல்.

அட்டவணைகளுக்கான பைத்தான் தொகுப்பான பாண்டாஸ் இன்னும் மோசம் என்பேன். கூட்டும்போது நேனைத் தானாகவே தாண்டிவிடும். தொகை அழகாக வரும், ஒரு நாள் எடை குறைந்து.

ஆலையில் சீட்டின் நகல் இருந்தது. மாமா மோட்டாரில் போய் வாங்கி வந்தார்: 9.42 டன்.